பண்ணை விலங்குகள் படும் பாட்டுக்கு வாங்கிச் சாப்பிடுபவர் பொறுப்பா?

பொறுப்பு உண்டு, ஆனால் எல்லா உணவுப் பொருளிலும் ஒரே அளவில் இல்லை. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பேச்சு "எல்லாம் நம் கையில்" என்று தொடங்கி "நான் ஒருவன் மாறி என்ன ஆகப்போகிறது" என்று முடிந்துவிடுகிறது.

ஒருவர் மாறினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. நீங்கள் வாங்காமல் விட்டால் விலை துளி இறங்கும். இறங்கிய விலைக்கு வேறொருவர் சற்று கூடுதலாக வாங்குவார். அதனால் நீங்கள் விட்ட அளவு முழுவதும் உற்பத்தியில் குறையாது. அமெரிக்கச் சந்தையை வைத்து வேளாண் பொருளியலாளர்கள் போட்ட மதிப்பீட்டில், ஒரு முட்டையைத் தவிர்த்தால் உற்பத்தி சுமார் 0.91 முட்டை குறைகிறது. கோழிக்கறியில் அதே விகிதம் 0.76, பாலில் 0.56. வாங்குபவரின் கை முட்டையில்தான் ஓங்கியிருக்கிறது. கூண்டின் கொடுமையும் அங்கேதான் அதிகம். தொடங்க நினைப்பவர் முட்டையில் தொடங்கட்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் தடை செய்த வெற்றுக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைத்த குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாள் அதைவிடப் பெரியது, 624. அந்த இடத்தில் கோழியால் சிறகை விரிக்க முடியாது, மண்குளியல் கிடையாது, தொற்றி அமர ஏதும் இல்லை. முட்டையிடும் நேரம் நெருங்கும்போது மறைவிடம் தேடும் உந்துதல் மட்டும் அப்படியே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் முட்டையின் மேல் அச்சிடும் குறியீட்டின் முதல் எண் வளர்ப்பு முறையைச் சொல்லும்: 0 இயற்கை வேளாண் முறை, 1 வெளியில் உலவ விடுவது, 2 கொட்டகைக்குள் கூண்டில்லாமல், 3 கூண்டு. இதில் 3 என்பது இன்று தொற்றி அமரும் பரணும் முட்டையிடும் மறைப்பும் சேர்த்த 750 சதுர சென்டிமீட்டர் கூண்டு.

"கூண்டில்லா" என்று போட்டிருந்தால் கோழி வெயிலைப் பார்த்தது என்று பொருளில்லை. ஐரோப்பிய விதிப்படி கொட்டகைக்குள் ஒரு சதுர மீட்டருக்கு 9 கோழி வரை விடலாம். கூண்டை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுவதும் இல்லை. ஆண்டுக்கு 300 முட்டை இடும் கோழி ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்தைத் தன் எலும்பிலிருந்தும் எடுக்கிறது. மெலிந்துபோன மார்பெலும்பு உயரமான பரணிலிருந்து தாவும்போது முறிகிறது. இறகு கொத்தும் பழக்கமும் பெரிய கூட்டத்தில் வேகமாகப் பரவும். இருந்தும் கூண்டில்லா முறையே மேல். பரணை எந்த உயரத்தில் வைப்பது, கூளத்தை எப்படிப் பராமரிப்பது என்று பண்ணையாளரால் திருத்த முடிகிற குறைகள் இவை. கூண்டுக்குள் திருத்த இடமே இல்லை.

கறிக்கோழியில் கதை வேறு. பிராய்லர் பெரும்பாலும் கூண்டில் வளர்வதே இல்லை, ஆழ்கூளத்தில்தான், அதாவது தரையில் உமி, மரத்தூள் பரப்பிய கொட்டகையில்தான் வளர்கிறது. ஆகவே "கூண்டில் வளர்க்காத கறிக்கோழி" என்ற விளம்பரத்துக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. "ஹார்மோன் இல்லாதது" என்பதும் அப்படித்தான். அமெரிக்காவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் கோழிக்கு ஹார்மோன் கொடுக்க அனுமதியே கிடையாது. இங்கே கேட்க வேண்டியவை இரண்டு: என்ன இனம், எவ்வளவு நெருக்கம். வேகமாக வளரும் இனம் ஆறு வாரத்தில் இரண்டரைக் கிலோவைத் தொடும். காலும் இதயமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. மெதுவாக வளரும் இனம் கூடுதல் வாரங்கள் தீவனம் தின்னும், அதனால்தான் விலை ஏறுகிறது. நெருக்கத்தைச் சதுர மீட்டருக்கு இத்தனை கிலோ என்று அளப்பார்கள். ஐரோப்பிய விதியில் அடிப்படை வரம்பு 33, நிபந்தனைகளோடு 42 வரை போகலாம். 42 என்றால் ஒரு சதுர மீட்டரில் கிட்டத்தட்ட 17 முழு வளர்ச்சிக் கோழிகள்.

லேபிளே இல்லாத இடத்தில் கறியைப் பார்த்தே கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். தோலோடு வாங்கினால் காலின் கீழ் மூட்டைப் பாருங்கள். பழுப்பு அல்லது கருப்புத் தழும்பு இருந்தால், அந்தக் கோழி அம்மோனியா ஊறிய ஈரக் கூளத்தில் நெடுநேரம் உட்கார்ந்தே கிடந்திருக்கிறது. நெஞ்சுக்கறியில் நார் ஓடும் திசையிலேயே வெள்ளை வரிகள் தென்பட்டால், அது பெரும்பாலும் அதிவேக வளர்ச்சியின் தடம். மாட்டிறைச்சி வழக்கத்தைவிடக் கறுத்து, இறுகி, உலர்ந்து இருந்தால், அறுப்புக்கு முன் நீண்ட பயணத்திலோ பட்டினியிலோ அந்த மாடு தசையின் சர்க்கரை இருப்பைக் கரைத்துத் தீர்த்திருக்கக்கூடும். வெட்டுக் கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியும். கேட்பவர்தான் குறைவு.

நல்லெண்ணத்தோடு பலர் விழும் குழி ஒன்று உண்டு: மாட்டிறைச்சியைக் குறைத்துக் கோழிக்கு மாறுவது. ஒரு மாடு தரும் கறியின் எடைக்கு நூறு கோழிகளுக்கு மேல் வேண்டும், அவற்றில் பெரும்பாலானவை மாட்டைவிட மோசமான வாழ்வை வாழ்ந்தவை. சுற்றுச்சூழலுக்காக மாறுகிறீர்கள் என்றால் அதற்கு நியாயம் உண்டு. விலங்கின் துன்பத்துக்காக என்றால் கணக்கு தலைகீழ். குறைப்பதைப் பயறாலோ காய்கறியாலோ நிரப்பினால்தான் கூட்டல் சரியாகும்.

பாலில் வாங்குபவருக்குப் பிடி குறைவு, பல பண்ணைகளின் பால் ஒரே தொட்டியில் கலந்துவிடுவதால். நேரடியாகப் பண்ணையில் வாங்குபவர் மட்டும் இரண்டு கேள்வி கேட்கலாம். ஒரு மாடு எத்தனை ஈற்று வரை பண்ணையில் இருக்கிறது? காளைக்கன்றுகளை என்ன செய்கிறீர்கள்? மூன்று ஈற்றுக்குள்ளேயே கழித்துவிடுகிறார்கள் என்றால் மடிவீக்கமோ நொண்டலோ சினை பிடிக்காமையோ அங்கே தொடர்ந்து இருக்கக்கூடும். காளைக்கன்றுக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால் அதுவே பதில்.

இதற்கு மேல், தனி மனிதர் எதை வாங்குகிறார் என்பதால் மட்டும் ஆகாத பகுதி இருக்கிறது. பிரிட்டன் சினைப்பன்றிகளை 114 நாள் சினைக் காலமும் திரும்ப முடியாத கம்பித் தடுப்பில் அடைப்பதை 1999-இல் தடை செய்தது. ஆனால் வெளிநாட்டில் அதே தடுப்பில் வளர்ந்த பன்றியின் இறைச்சி இறக்குமதியாகிக்கொண்டே இருந்தது, அடி வாங்கியது உள்நாட்டுப் பண்ணையாளர். கலிஃபோர்னியா வாக்காளர்கள் 2018-இல் நிறைவேற்றிய "12-ஆம் முன்மொழிவு" என்ற சட்டம் அந்த ஓட்டையை அடைக்கிறது. எங்கே வளர்ந்திருந்தாலும், குறிப்பிட்ட இட அளவு கொடுக்காத முட்டையையும் பன்றி இறைச்சியையும் அங்கே விற்க முடியாது. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது.

முட்டை கடையில் மட்டும் விற்பதில்லை. கேக், பிஸ்கட், மயோனைஸ், உணவகத்து ஆம்லெட் என்று திரவமாகவும் பொடியாகவும் போகும் முட்டையில் குறியீடு எதுவும் இருக்காது, கூண்டு முட்டை சத்தமில்லாமல் கழியும் வழி அதுதான். பல பன்னாட்டு உணவு நிறுவனங்கள் 2025-க்குள் கூண்டில்லா முட்டைக்கு மாறுவதாக அறிவித்திருந்தன. அவர்களுக்கு எழுதும்போது பொதுவாக வருத்தம் தெரிவிப்பதில் பயனில்லை. இதுவரை எத்தனை சதவீதம் மாறியது, அந்தச் சதவீதத்தில் திரவ முட்டையும் பொடியும் சேர்த்தியா, எந்தெந்த நாடுகளில் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.