துக்கத்தில் இருப்பவரிடம் கிறிஸ்துமஸ் செய்தியை எப்படிச் சொல்வது?

கேள்வி: பக்கவாதம் வந்து என் கணவர் எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். வேலையும் போய், கடன் வாங்கித்தான் காலம் தள்ளுகிறோம். பக்கத்து வீட்டு அக்கா வேறு சமயத்தைச் சேர்ந்தவர். சென்ற ஆண்டு தம் ஒரே மகனை விபத்தில் பறிகொடுத்தவர். ஒருவருக்கொருவர் துணையாக இருந்து வருகிறோம். போன வாரம் அவர், "இவ்வளவு ஜெபம் செய்கிறீர்களே, உங்கள் ஆண்டவர் உங்களுக்கு என்னதான் செய்தார்?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப்போயிற்று. சபையில் ஒரு மூத்த சகோதரியிடம் இதைச் சொன்னபோது, "துக்கத்தில் இருக்கிறவர்கள்தான் சுவிசேஷத்தைச் சீக்கிரம் ஏற்றுக்கொள்வார்கள், கிறிஸ்துமஸ் நல்ல சமயம், விட்டுவிடாதே" என்றார். அது சரிதானா என்று மனம் உறுத்துகிறது. என் வீடே இப்படி இருக்கும்போது, சந்தோஷமான செய்தி என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? — ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் மூன்று கவலைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றுள் முதலில் அவிழ்க்க வேண்டியது, பக்கத்து வீட்டு அக்கா கேட்ட கேள்வி. அதை அவர் குத்தலாகக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மகனை இழந்த ஒரு தாய், தம் உள்ளத்தில் ஓராண்டாக அலைக்கழிக்கும் கேள்வியை, அதே அளவு அடிபட்ட இன்னொரு பெண்ணிடம் இறக்கி வைத்திருக்கிறார் என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்ட கேள்வி நம்பிக்கைக்குரியவரிடம் மட்டுமே கேட்கப்படும். ஆகவே அன்றைக்கு வாயடைத்துப்போனதை நினைத்து நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பதிலின்றி அப்படியே விட்டுவிடவும் வேண்டாம்.

"உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று பேதுருவின் முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த நிருபம் வசதியாக வாழ்ந்தவர்களுக்கு எழுதப்பட்டதன்று; விசுவாசத்தின் நிமித்தம் பாடுபட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எழுதப்பட்டது. பாடு தீர்ந்த பிறகு சாட்சி சொல்லுங்கள் என்று அவர்களுக்குத் தவணை கொடுக்கப்படவில்லை. பாட்டின் நடுவிலேயே, கேட்கிறவருக்கு, கேட்ட அளவுக்கு, மரியாதையோடு சொல்லும்படிதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. உங்கள் நிலையும் அதுவே.

என்ன சொல்வது என்பதற்கு யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் பிறவிக் குருடன் நல்ல வழிகாட்டி. படித்தவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, இயேசு பாவியா நீதிமானா என்று வாதுக்கு இழுத்தபோது, தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாக அவன் காட்டிக்கொள்ளவில்லை. தான் குருடனாயிருந்ததும் இப்பொழுது காண்பதுமாகிய ஒன்று மட்டுமே தனக்குத் தெரியும் என்றான். நீங்களும் அந்த எல்லைக்குள் நின்று பேசலாம். "அக்கா, அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இவருக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று எனக்கு இன்னும் தெரியாது. நான் ஆண்டவரிடம் அழுது சண்டை போட்ட இரவுகளும் உண்டு. ஆனால் அழுவதற்கு எனக்கு ஓர் இடம் இருக்கிறது. நான் சொல்வதை அவர் கேட்கிறார் என்று நம்புகிறேன். அந்தப் பலத்தில்தான் விடிந்ததும் எழுந்து இவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன்" என்று சொன்னால், அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் தேவையில்லை. இந்த வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்களுக்கு உண்மையாக எது நடந்ததோ அதை மட்டும், கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். ஜெபம் செய்தும் சில நாட்கள் மனம் வெறுமையாகவே இருந்திருந்தால் அதையும் சொல்லலாம். துக்கப்பட்டவர்களின் காது பொய்யை வெகு விரைவில் கண்டுகொள்ளும்.

சொல்லக்கூடாதவை சில உண்டு, அவற்றில் நான் கண்டிப்பாகவே இருப்பேன். அவருடைய மகன் ஏன் இறந்தான் என்பதற்கு எந்தக் காரணமும் கற்பிக்காதீர்கள். "கடவுளுக்குப் பிரியமானவன், அதனால் எடுத்துக்கொண்டார்" என்பது ஆறுதலாகத் தோன்றலாம். பிள்ளையை இழந்த தாயின் காதில் அது கடவுளைக் கள்வனாக்கிவிடும். பிள்ளைகளையெல்லாம் இழந்து நின்ற யோபின் நண்பர்கள் மூவரும் அவரோடு ஏழு நாள் பகலும் இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் வழி தவறினார்கள். அந்த விளக்கங்களுக்காக இறுதியில் கர்த்தரின் கோபத்துக்கும் ஆளானார்கள். லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்த இயேசுவே, கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார். அவரைப் பற்றிச் சொல்லப் புறப்படுகிற நாம், அந்தக் கண்ணீரைத் தாண்டிக் குதித்து உயிர்த்தெழுதலுக்குப் போய்விடக் கூடாது. அதேபோல், விசுவாசித்தால் நோய் தீரும், கடன் தீரும் என்று வாக்குக் கொடுப்பதும் வேண்டாம். உங்கள் வீட்டைத் தினமும் பார்க்கிறவரிடம் அதைச் சொல்ல உங்களாலும் முடியாது.

அடுத்து, மூத்த சகோதரியின் ஆலோசனை. அவருடைய ஊக்கத்தை மதிக்கிறேன். ஆத்துமாக்களைப் பற்றிய கரிசனை இல்லாமல் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ஆயினும் அவர் சொன்னதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் சீக்கிரம் ஏற்றுக்கொள்வார்கள் என்பது உண்மையாகவே இருந்தாலும், அதுவேதான் நாம் நிதானிக்க வேண்டிய காரணம். மனம் உடைந்த ஒருவர், தமக்குத் துணையாக இருக்கும் ஒரே மனிதரை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்திலும் தலையசைக்கக்கூடும். அந்தத் தலையசைப்பை விசுவாசம் என்று எண்ணிக்கொண்டால், அவரையும் ஏமாற்றுகிறோம், நம்மையும் ஏமாற்றிக்கொள்கிறோம். உங்கள் மனம் உறுத்தியதை நான் பலவீனமாகக் கருதவில்லை. அந்த உறுத்தல் சரியானது.

இதில் உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நாளைக்கே அந்த அக்கா, "இனிமேல் என்னிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், நாளை மறுநாளும் அதே அன்போடு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவீர்களா? தட்டுவீர்கள் என்றால், நீங்கள் தாராளமாகப் பேசலாம். கி.பி. 361 முதல் 363 வரை ரோமப் பேரரசை ஆண்ட ஜூலியன், கிறிஸ்தவத்தை அறவே வெறுத்தவர். பழைய தெய்வ வழிபாட்டை மீண்டும் நிலைநாட்ட முயன்றவர். அவரே தம் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்து ஆதரிக்கிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். எதிரியின் வாயிலிருந்து வந்த அந்தச் சாட்சியம், நம்மவர்கள் அச்சிடும் எத்தனையோ கைப்பிரதிகளைவிட எனக்கு மேலானதாகத் தெரிகிறது.

உதவி என்றதும் கொடுப்பதையே நினைக்கிறோம், வாங்கிக்கொள்வதும் சாட்சிதான். சமாரியப் பெண்ணோடு இயேசு நடத்திய உரையாடல், தாகத்துக்குத் தா என்று அவர் கேட்டதில் தொடங்குகிறது. நீங்கள் மருந்து வாங்கப் போகும் ஒரு மணி நேரம் கணவரின் அருகில் உட்கார்ந்திருக்க முடியுமா என்று அந்த அக்காவிடம் கேளுங்கள். மகன் போன பிறகு தாம் யாருக்கும் தேவைப்படவில்லை என்று மறுகும் ஒரு தாய்க்கு, அந்த ஒரு மணி நேரம் பெரிய காரியமாக இருக்கலாம். உங்கள் இருவருக்கும் நடுவே மேலே நிற்பவர், கீழே நிற்பவர் என்ற பேதமும் அப்போது எழாது.

எந்த முகத்தோடு சந்தோஷச் செய்தியைச் சொல்வது என்று கேட்டீர்கள். கிறிஸ்துமஸை நாம் அலங்கார விளக்குகளின் வெளிச்சத்தில் பார்த்துப் பழகிவிட்டோம், அதனால்தான் இந்தத் தயக்கம் வருகிறது. சுவிசேஷங்கள் சொல்லும் பிறப்பு வேறு மாதிரியானது. இடமில்லாமல் முன்னணையில் கிடத்தப்பட்ட குழந்தை. அந்தச் செய்தியை முதலில் கேட்டவர்கள், இராத்திரியில் வயல்வெளியில் மந்தையைக் காத்துக் கண்விழித்திருந்த மேய்ப்பர்கள். மத்தேயு இரண்டாம் அதிகாரத்திலோ, ஏரோதுக்குத் தப்பிக் குழந்தையை எடுத்துக்கொண்டு பெற்றோர் இரவோடிரவாக எகிப்துக்கு ஓடுகிறார்கள். பெத்லகேமில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் ஓலம் கேட்கிறது. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுது ஆறுதலடையாதிருக்கிறாள் என்ற பழைய தீர்க்கதரிசனத்தை மத்தேயு அங்கே நினைவுகூருகிறார். நம்முடைய கிறிஸ்துமஸ் நாடகங்களில் அந்தப் பகுதியை அநேகமாக விட்டுவிடுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஏனெனில் உங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்தக் கதையில் இடம் இருக்கிறது என்று காட்டுவது அந்தப் பகுதிதான். ஆறுதலடையாத ஒரு தாயை ஆறுதலடையாதவளாகவே விட்டுவைக்கும் அளவுக்கு வேதம் நேர்மையாக இருக்கிறது.

துன்பத்தின் நடுவிலிருந்து வரும் சாட்சி எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதற்கு வரலாற்றிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி போதகப் பட்டம் பெற்று, அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியம் செய்யக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அதே கப்பலில் மொராவியர் என்ற சபைப் பிரிவைச் சேர்ந்த ஜெர்மானியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். மற்றவர்கள் செய்யக் கூசிய பணிவிடைகளை அவர்கள் கூலி வாங்காமல் செய்ததை அவர் முன்பே கவனித்திருந்தார். 1736 ஜனவரி 25 அன்று, அவர்கள் ஆராதனையில் பாடிக்கொண்டிருந்தபோது அலை கப்பலை மூடியது. பெரிய பாய் கிழிந்து, தளங்களுக்கு நடுவே தண்ணீர் பாய்ந்தது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள்; மொராவியர்கள் அமைதியாகத் தொடர்ந்து பாடினார்கள். பயமாக இல்லையா என்று வெஸ்லி பின்னர் அவர்களில் ஒருவரைக் கேட்டார். கடவுளுக்கு நன்றி, இல்லை என்பதே அவர் தந்த பதில். அங்கே கேள்வி கேட்டவர் போதகர் என்பதைக் கவனியுங்கள். அவருடைய உள்ளத்தில் இரட்சிப்பின் நிச்சயம் பிறந்தது 1738 மே 24 அன்று, லண்டனில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில். நடுவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டது. அவசரப்படாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, பண்டிகை நாளைப் பற்றி. பிள்ளையை இழந்தவர்களுக்கு எந்தப் பண்டிகையும் பாரமானது. அது யாருடைய பண்டிகையாக இருந்தாலும், பக்கத்து வீட்டுக் கொண்டாட்டச் சத்தம் அவர்களைச் சுடும். பாடல் குழுவினர் உங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தால், எந்த நாள், எந்த நேரம் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆராதனைக்கு அழைக்க விரும்பினால் வெளிப்படையாக அழையுங்கள்: பாட்டும் ஜெபமும் பிரசங்கமும் இருக்கும், வர மனமில்லையென்றால் ஒன்றும் தவறில்லை, எழுந்து போக வேண்டும் போலிருந்தால் நானும் கூட வந்துவிடுவேன் என்று சொல்லுங்கள். வேறு ஏதோ நிகழ்ச்சி என்று சொல்லி அழைத்துக்கொண்டு போவது மட்டும் வேண்டவே வேண்டாம். அவர் வர மறுத்தால், அன்று மாலை நீங்களே அவர் வீட்டுக்குப் போய், அவருடைய மகனின் பெயரைச் சொல்லி, அவனைப் பற்றி ஏதேனும் கேளுங்கள். இறந்த பிள்ளையின் பெயரை எல்லாரும் தவிர்ப்பதுதான் அந்தத் தாய்மார்களின் பெரிய வேதனை.

ஜெபிக்கலாமா என்று தோன்றினால் அனுமதி கேட்டு, சுருக்கமாக, அவருக்காக ஜெபியுங்கள்; ஜெபத்துக்குள் பிரசங்கத்தைச் சொருக வேண்டாம். அவராகவே மேலும் அறிய விரும்பினால் லூக்கா சுவிசேஷத்தைக் கொடுத்து, சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் மறைக்காமல், நீங்கள் நம்புவதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் தயங்கி மழுப்புவதும் அன்பாகாது. அவருடைய சமயத்தை இழிவாகப் பேசவும் தேவையில்லை. எபேசுவில் பவுலின் தோழர்களைப் பிடித்து இழுத்துவந்த கூட்டத்தின் முன், இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்கள் அல்லர் என்று அந்த ஊர்ச் சம்பிரதியே (நகர எழுத்தர்) எழுந்து சொல்ல முடிந்தது.

கடைசியாக, உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை. சாட்சி சொல்லும்போது அவருடைய நோயும் அவருடைய வேலை போனதும் உங்கள் பேச்சில் வரும். சபையில் எழுந்து சொல்வதாக இருந்தாலும், அக்காவிடம் சொல்வதாக இருந்தாலும், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முதலில் அவரிடம் கேளுங்கள். பேச்சு தடுமாறினாலும் சைகையால் சொல்லட்டும். அவரும் ஜெபிக்கிறவர் என்றால், அந்த அக்காவுக்குத் தாமே சொல்ல வேண்டியது ஏதாவது அவரிடமும் இருக்கக்கூடும்.