தாத்தா சொன்ன 1958, சொல்லாம விட்ட 1964

வணக்கம் ஐயா,

நான் வியாசர்பாடி. எங்க தாத்தா ரங்கூன்ல இருந்து கப்பல்ல வந்தவர். உங்க பர்மா கட்டுரைங்க எல்லாத்தையும் படிச்சிடுவேன், முக்கால்வாசி பிடிக்கும். ஆனா தலைவர்களைப் பத்தி நீங்க எழுதுற தொனிதான் கடுப்பா இருக்கு. நான் அமெரிக்க கன்சர்வேட்டிவ் பாட்காஸ்ட் நிறைய கேக்குறவன். பலம் இருந்தாதான் சமாதானம்னு ரீகன் சொன்னது சரின்னு நம்புறவன். நாட்டோட பாதுகாப்பு முதல்ல, மத்ததெல்லாம் அப்புறம். அதுக்குப் பட்டுனு முடிவெடுக்குற ஸ்ட்ராங் லீடர் வேணும், சபையில பேசிக்கிட்டே இருந்தா எல்லை போயிடும். எங்க தாத்தா பர்மாவை ஆண்ட மிலிட்டரி ஜெனரல் நே வின்னாலதான் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாரு, அவரே கடைசி வரைக்கும் "மிலிட்டரி வந்தப்புறம்தான்டா ரங்கூன் ரோடு சுத்தமாச்சு, விலைவாசி இறங்கிச்சு"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. தலைவருக்கு ராணுவ அனுபவம் கட்டாயம்னு சட்டம் போட்டா என்ன தப்பு? நீங்க இடதுசாரியா? சீனாவைப் பத்தியும் எழுதுங்க. அடுத்த வருஷம் ரங்கூன்ல தாத்தா இருந்த தெருவைப் பாக்க வரலாம்னு இருக்கேன், உங்க வீட்ல தங்கலாமா?

செ., சென்னை

தம்பி,

சீனாவை இப்போதைக்கு விட்டுடு. நான் இடதுசாரியான்னு நீ கேட்டதை வீட்ல படிச்சுக் காட்டினேன், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. பொங்கலுக்கு மண்பானைக்குப் பதிலா குக்கர் வைக்கலாமான்னு மருமக கேட்டதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்ட ஆளு நான். நேத்து இருந்தது நாளைக்கும் இருந்த இடத்துலயே இருக்கணும், கடை கடையா இருக்கணும், கோயில் கோயிலா இருக்கணும், கோர்ட் கோர்ட்டா இருக்கணும், அவ்வளவுதான் என் அரசியல். அந்தக் கணக்குல பாத்தா உன் பாட்காஸ்ட்காரங்களை விட நான் பெரிய கன்சர்வேட்டிவ்.

ஆனா உங்க தாத்தா சொன்ன அந்த ஒரு வரி, அதுக்காகத்தான் இதை எழுதறேன். எங்கப்பாவும் அட்சரம் பிசகாம அதையேதான் சொல்வாரு. போன வாரம் டீக்கடையில என் வயசுக்காரர் ஒருத்தர், அவர் பர்மாக்காரர், அதே வரியைச் சொன்னாரு. மூணு பேரும் நல்லா அனுபவிச்சவங்க, மூணு பேருக்கும் அந்த ரோடு சுத்தமானதுதான் ஞாபகம் நிக்குது. இது ஏன்னு எனக்கு ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

உங்க தாத்தா பொய் சொல்லல. அவர் சொன்னது 1958. பிரதமர் ஊ நு கட்சி ரெண்டா உடைஞ்சு, சபை நாறிப்போய், அவரே அந்த அக்டோபர்ல ஜெனரல் நே வின் கிட்ட ஆட்சியைக் கொடுத்தாரு, கொஞ்ச மாசம் பாத்துக்கோங்க, அப்புறம் எலெக்‌ஷன்னு. மிலிட்டரிக்காரங்க வந்தாங்க, குப்பையை அள்ளினாங்க, குடிசைங்களைப் பேத்து ஒக்கலாப்பா, தாக்கேட்டான்னு புது டவுன்ல கொண்டு போய் வச்சாங்க (அந்தக் குடிசைக்காரங்களைக் கேட்டா வேற கதை சொல்வாங்க, அதை யாரும் கேக்கல), பதுக்கின வியாபாரியை உள்ள போட்டாங்க. எல்லாத்துக்கும் மேல, 1960ல எலெக்‌ஷன் வச்சு, தாங்க விரும்பின கட்சி தோத்தும், ஜெயிச்ச ஊ நு கிட்டயே திருப்பிக் கொடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு ராணுவம் இதைச் செஞ்சா யாருக்குத்தான் மதிப்பு வராது? எங்கப்பாவுக்கும் வந்துச்சு.

அந்த மதிப்புதான் கழுத்தை அறுத்தது. 1962 மார்ச் 2 விடியக்காலம் பிரதமர், மந்திரிங்க, சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதி வரைக்கும் பிடிச்சு உள்ள வச்சாங்க. நாட்டோட முதல் ஜனாதிபதியா இருந்த ஷான் சாப்வா, அதாவது ஷான் மலை இனத்து ராஜா, சாவ் ஷ்வே தைக், அவரையும் கொண்டு போனாங்க, அன்னிக்கு அவர் பையன் குண்டு பட்டுச் செத்தான், நவம்பர்ல அவரே ஜெயில்ல செத்துப் போனாரு. சொன்ன காரணம் என்ன தெரியுமா? நாட்டுப் பாதுகாப்பு. ஷான், கயான்னு மலை இனத்துக்காரங்கல்லாம் ஃபெடரல் கேக்குறாங்க, மாநிலத்துக்கு அதிகாரம் கேக்குறாங்க, யூனியன், அதாவது நாடே, உடைஞ்சிடும்னு. ரங்கூன் சத்தமே இல்லாம இருந்துச்சு. ஏன்னா எல்லாரும் 1958ன்னு நினைச்சாங்க. குப்பையை அள்ளிட்டுப் போயிடுவாங்கன்னு நினைச்சாங்க.

நீ இதைக் கொஞ்சம் நிதானமா படி. ஜூலையில யுனிவர்சிட்டியில ஸ்டூடண்ட்ஸைச் சுட்டுட்டு மறுநாள் காலையில ஸ்டூடண்ட்ஸ் யூனியன் கட்டடத்தையே வெடி வச்சுத் தகர்த்தாங்க. 1963 பிப்ரவரியில பேங்க் எல்லாம் அரசாங்கத்துது. 1964 மார்ச்ல கடைங்க. ரங்கூன் மொகல் ஸ்ட்ரீட்ல காலையில கடை திறக்கப் போனவன் தன் கடை வாசல்லயே துப்பாக்கிக்காரன் நிக்கிறதைப் பாத்தான், சாவியை வாங்கிக்கிட்டு சரக்கை எண்ண ஆரம்பிச்சுட்டாங்க, பேரு போய் மக்கள் கடை இத்தனாம் நம்பர்னு போர்டு வந்துச்சு. அதே வருஷம் மே மாசம் நூறு கியாட், அம்பது கியாட் நோட்டு செல்லாதுன்னு ரேடியோவுல சொன்னாங்க.

எங்கம்மா நோட்டை எல்லாம் பெருங்காய டப்பாவுல வச்சிருந்தாங்க. தகர டப்பா, பெருங்காயம் தீந்தப்புறம் கழுவாம வச்சிருந்தது, திருடன் மோந்து பாத்தா கூட எடுக்க மாட்டான்னு ஒரு கணக்கு. அன்னிக்கு ராத்திரி அதைப் பாயில கொட்டி, நூறு ஒரு பக்கம், அம்பது ஒரு பக்கம், இருபது, பத்து ஒரு பக்கம்னு பிரிச்சாங்க. செல்ற பக்கம் கைக்குள்ள அடங்கிடுச்சு. எனக்குப் பதினாலு வயசு, எதுவும் பேசக்கூடாதுன்னு மட்டும் தெரிஞ்சுது. அப்பா சுவத்துல சாஞ்சுக்கிட்டு, "காரணம் இல்லாம செய்வானா, நாட்டு நல்லதுக்குத்தான் இருக்கும்"ங்கிறாரு! அம்மா நிமிர்ந்து ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் சாகுற வரைக்கும் அம்மா பெரிய நோட்டைக் கையில வச்சுக்கவே இல்ல, நாலு காசு சேந்தா கால் பவுன், அரைப் பவுனா மாத்திடுவாங்க.

உங்க தாத்தா கப்பல் ஏறினது இதுக்கப்புறம்தான். மூணு லட்சம் பேர்கிட்ட கிளம்பினாங்க, நகை நட்டைக் கூட கொண்டு போக விடல. அந்த மனுஷன் உன்கிட்ட ரோடு சுத்தத்தை மட்டும் சொல்லிட்டு மிச்சத்தை ஏன் சொல்லாம விட்டாருன்னு நீ என்னிக்காவது யோசிச்சியா? உன்னை மடியில வச்சுக்கிட்டு அவரால சொல்ல முடிஞ்சது அவ்வளவுதான். நீ அதை எடுத்துக்கிட்டு வந்து அரசியல் தத்துவமா என்கிட்ட நீட்டுற! தாத்தா பேரைச் சொல்லி வாதம் பண்றவன் முதல்ல தாத்தாவோட பெட்டியைத் திறந்து பாத்திருக்கணும், பழைய பேப்பர் ஏதாவது இருக்கும், உங்கப்பாகிட்ட கேளு.

சரி, சொத்து போச்சு, பாதுகாப்பாவது வந்துச்சான்னா, அதுவும் இல்ல. வடக்கு மலையில கச்சின் இனத்துக்காரங்க படை 1961லதான் ஆரம்பிச்சுது, அப்போ ஒரு சின்ன கும்பல். ஷான் மலையில பேசிக்கிட்டு இருந்தவங்க பேச்சை விட்டுத் துப்பாக்கி எடுத்தாங்க. 1968ல சீன எல்லையில இருந்து கம்யூனிஸ்ட் படை இறங்குச்சு. உடையாம காப்பாத்துறேன்னு வந்தவர் இருந்த இருபத்தாறு வருஷமும் எல்லை பூரா சண்டை. உன் கணக்குப்படியே மார்க் போடு, சபையில பேசிக்கிட்டே இருந்தவங்க தேவலாமா, பட்டுனு முடிவெடுத்தவர் தேவலாமா? 2021க்கு அப்புறம் இங்க நடக்கிறதைப் பத்தி நான் எழுதப் போறதில்ல, ஏன்னு நீயே புரிஞ்சுக்கோ.

ராணுவ அனுபவத்தைக் கட்டாயமாக்கணும்னு கேட்டியே, எங்க ஊருக்கு வா, ரெடியா இருக்கு. 2008 அரசியல் சட்டத்துல ஜனாதிபதி ஆகுறவருக்கு ராணுவ விஷயம் நல்லா தெரிஞ்சிருக்கணும்னே எழுதியிருக்கு. சபையில நாலுல ஒரு சீட்டு யூனிஃபார்ம்காரங்களுக்கு. பாதுகாப்பு, உள்துறை, எல்லை, மூணு மந்திரியையும் தலைமை தளபதிதான் கொடுப்பாரு. முக்கியமான பிரிவு எதையாவது மாத்தணும்னா எழுபத்தஞ்சு சதவீதத்துக்கு மேல ஓட்டு வேணும், மிச்சம் இருபத்தஞ்சு யார்கிட்ட இருக்குன்னு மேலயே சொல்லிட்டேன். இந்த ஏற்பாட்டால நாங்க எவ்வளவு பாதுகாப்பா இருக்கோம்னு நீ தினம் நியூஸ்ல பாக்குறியே.

உனக்குப் பிடிச்ச அமெரிக்காவுல பாரு. ரூஸ்வெல்ட் நாலு தடவை ஜெயிச்சதுக்கப்புறம், ரெண்டு தடவைக்கு மேல எவனும் ஜெயிக்கக்கூடாதுன்னு 1947ல திருத்தம் கொண்டு வந்த காங்கிரஸ்ல மெஜாரிட்டி யாரு? ரிபப்ளிகன் கட்சி. உன் ஆளுங்கதான்! 1951ல அது அரசியல் சட்டத்துல ஏறிடுச்சு. அதே 1947ல வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம், பேர்லயே பாதுகாப்பு இருக்கிற சட்டம், ராணுவ ஆபீசரா இருந்தவன் வெளிய வந்து பத்து வருஷம் ஆகாம பாதுகாப்பு மந்திரி ஆகக்கூடாதுன்னு சொல்லிச்சு, 2008ல அதை ஏழா குறைச்சாங்க, அதுக்குள்ள ஒருத்தரைப் போடணும்னா காங்கிரஸ்ல தனியா அனுமதி வாங்கணும், மார்ஷல், மாட்டிஸ், ஆஸ்டின் மூணு பேருக்கும் அப்படி வாங்கினாங்க. கொரியா யுத்தம் நடந்துக்கிட்டு இருக்கும்போதே மெக்கார்தர் மாதிரி ஒரு ஜெனரலை 1951 ஏப்ரல்ல ட்ரூமன் வீட்டுக்கு அனுப்பினாரு, ட்ரூமன் ஒரு காலத்துல துணிக்கடை வச்சு நொடிச்சுப் போனவர். அஞ்சு ஸ்டார் ஜெனரலா இருந்து ஜனாதிபதியான ஐசனோவர், ரிபப்ளிகன், 1961 ஜனவரியில போகும்போது சொல்லிட்டுப் போனது என்ன? ராணுவமும் ஆயுதக் கம்பெனியும் சேந்து ஆட்சிக்குள்ள கை வைக்கும், ஜாக்கிரதைன்னு. இதையெல்லாம் உன் பாட்காஸ்ட்ல சொல்றாங்களா, இல்ல ரீகன் தொப்பி போட்டுக் குதிரையில போற படத்தைப் பத்தித்தான் பேசுறாங்களா?

ரீகனையே எடுத்துக்கோ. 1987 டிசம்பர்ல கோர்பச்சேவோட ஏவுகணை ஒப்பந்தம் போட்டாரே, அவ்வளவு ஸ்ட்ராங் லீடர், அதைத் தூக்கிக்கிட்டு செனட் வாசல்ல போய் நின்னு மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வாங்க வேண்டியிருந்துச்சு. அதே 1987 செப்டம்பர்ல இங்க என்ன நடந்துச்சு சொல்றேன் கேளு. எழுபத்தஞ்சு, முப்பத்தஞ்சு, இருபத்தஞ்சு கியாட் நோட்டு மூணும் செல்லாதுன்னாங்க. 1964லயாவது நோட்டைக் கொண்டு வந்து கட்டுன்னு ஒரு பேச்சு இருந்துச்சு, இந்தத் தடவை நஷ்ட ஈடு ஒத்தக் காசு கிடையாது. எழுபத்தஞ்சு கியாட் நோட்டு ஏன் வந்துச்சுன்னா நே வின்னோட எழுபத்தஞ்சாவது பிறந்தநாளை ஒட்டி ரெண்டு வருஷம் முன்னாடி அடிச்சாங்க. அதைச் செல்லாதுன்னு ஆக்கிட்டு நாப்பத்தஞ்சும் தொண்ணூறும் அடிச்சாங்க, ஒன்பது அவருக்கு ராசியாம், ஊரே பேசிச்சு. அவர் அப்போ ஜனாதிபதி கூட இல்ல, கட்சித் தலைவர். எந்தச் சபையில ஓட்டெடுப்பு? யார் கேட்டா?

எங்க பக்கத்து வீட்ல ஒரு பர்மாக்காரம்மா காலையில மொஹிங்கா, மீன் குழம்பு ஊத்தின நூடுல்ஸ், வித்துக்கிட்டு இருந்தாங்க. வியாபார முதல் பூரா எழுபத்தஞ்சும் முப்பத்தஞ்சுமா லுங்கி மடிப்புல இருந்துச்சு. மறுநாள் விடியறதுக்கு முன்னாடி மீன் வாங்கணும், வாழைத்தண்டு வாங்கணும், கடைக்காரன் நோட்டை வாங்க மாட்டேங்கிறான். எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க, அழல, அரிசி கடன் கேக்குற மாதிரி சாதாரணமா கேட்டாங்க. எங்கம்மா உள்ள போய் ஒரு தோட்டை, ஒத்தைத் தோடுதான், ஜோடி 1964லயே போச்சு, கொண்டு வந்து கையில வச்சாங்க. அந்தம்மா எங்களைக் கலான்னு (இந்தியக்காரங்களை மட்டமாச் சொல்ற பேர்) கூப்பிட்ட குடும்பத்துல பொறந்தவங்கதான். நோட்டு செல்லாம போறதுல கலா என்ன, பமா என்ன, அதாவது பர்மாக்காரன் என்ன. அந்த டிசம்பர்ல ஐநா இந்த நாட்டை உலகத்துலயே கடைக்கோடி ஏழை நாட்டு லிஸ்ட்ல சேத்துச்சு, மறு வருஷம் ஆகஸ்ட்ல ஊரே ரோட்டுக்கு வந்துச்சு. டாங்கி, துப்பாக்கி எதுக்கும் குறைச்சல் இல்லாத நாடு தம்பி.

நீ ஸ்ட்ராங்னு சொல்றது எதைன்னு எனக்கு இன்னும் பிடிபடல. ராத்திரி தோணினதைக் காலையில சட்டமாக்குறவனை நீ கன்சர்வேட்டிவ்னா, மண்பானைக்காகச் சண்டை போடுற என்னை எந்தக் கணக்குல சேப்ப?

அப்புறம் நீ வர்றதைப் பத்தி. தாராளமா வா, ஆனா விசா, பிரயாணம் எல்லாம் அப்போ எப்படி இருக்குன்னு விசாரிச்சுக்கிட்டு டிக்கெட் போடு. வீட்ல தங்க வைக்க ஆசைதான், நடக்காது. வெளிநாட்டுக்காரங்க லைசென்ஸ் உள்ள ஓட்டல்லதான் தங்கணும், இங்க சொந்த அக்கா வந்து ஒரு ராத்திரி படுத்தா கூட வார்டு ஆபீஸ்ல பேர் எழுதணும், எழுதாம விட்டா நடுராத்திரி கதவைத் தட்டுவாங்க, இதுவும் பாதுகாப்புலதான் சேத்தி. சாப்பாடு மூணு வேளையும் நம்ம வீட்ல. தாத்தா இருந்த தெருவோட பழைய பேரை உங்கப்பாகிட்ட கேட்டு எழுதிக்கிட்டு வா, பேரெல்லாம் மாத்திட்டாங்க, பழைய பேர் தெரிஞ்சாதான் நான் கூட்டிட்டுப் போக முடியும்.