அந்த உலை இங்கே எரியாது

கேள்வி: சிங்கப்பூரில் மகன் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே எல்லாக் குப்பையையும் ஒரே பையில் கட்டிப் போடுகிறார்கள். அரசு அதை எரித்து மின்சாரம் எடுக்கிறது. காரைக்குடியும் மாநகராட்சி ஆகிவிட்டது. இங்கேயும் ஓர் எரிஉலை வைத்துவிட்டால், தினமும் குப்பையைப் பிரிக்கும் தொல்லை இருக்காதே? – வாசகி ஒருவர், கோட்டையூர்

பதில்: அந்த உலை இங்கே எரியாது அம்மா. நம் வீடுகளிலிருந்து போவதில் ஏறக்குறைய பாதி, சமையலறைக் கழிவு. காய்த்தோல், மிஞ்சிய சோறு, குழம்பு வழியும் வாழையிலை என்று எல்லாமே ஈரம். அதை உலர்த்தவே சூடு முழுக்கச் செலவானால் மின்சாரத்துக்கு என்ன மிஞ்சும்? டெல்லியின் திமார்ப்பூரில் 1987-ல், நாளுக்கு 300 டன் எரிப்பதற்கென்று டென்மார்க் தொழில்நுட்பத்தில் ஓர் உலை கட்டினார்கள். மூன்று வாரம்தான் ஓடியது. வந்து சேர்ந்த குப்பையில் எரியக்கூடிய சரக்கு போதவில்லை.

சிங்கப்பூருக்கு நிலம் இல்லை, பணம் இருக்கிறது; அதனால் எரிக்கிறார்கள். எரித்தும் குப்பை தீரவில்லை. சாம்பலைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் செமக்காவ் தீவில் கொட்டுகிறார்கள். 1999-ல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அந்த அரசே கணக்குச் சொல்லி, குப்பையைக் குறைக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நாம் பார்க்க வேண்டியது தென்கொரியாவை. அவர்களும் சோறும் குழம்புமாகச் சாப்பிடுகிறவர்கள்தான். 1995-ல், போடுகிற குப்பையின் அளவுக்கு ஏற்பக் கட்டணம் என்றார்கள். 2005-ல், உணவுக் கழிவை அப்படியே குப்பை மேட்டில் கொட்டத் தடை போட்டார்கள். இன்று அதில் பெரும்பகுதி உரமாகவும் தீவனமாகவும் எரிவாயுவாகவும் மாறுகிறது. அத்தனைக்கும் முதல் வேலை அடுப்படியில், தனி வாளியில் நடக்கிறது. பிரிக்காமல் குவித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொழும்பு சாட்சி. 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீத்தொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

“பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகத்தானே கொட்டுகிறார்கள்” என்று பலர் சொல்கிறார்கள். நியாயமான கோபம். ஒப்பந்தக்காரருக்கு டன் கணக்கில் பணம் கொடுக்கும் ஊர்களில் இப்படித்தான் நடக்கும். ஈரக் குப்பை சேரச்சேர எடை கூடும், எடை கூடினால் தொகை கூடும். பிரித்து வாங்கிய அளவுக்கே பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதினால் நிலைமை மாறும். புனேயில் 2008-ல் குப்பை பொறுக்கி வாழ்ந்தவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து வீடு வீடாகக் குப்பை எடுக்கத் தொடங்கினார்கள். வீட்டுக்காரர்கள் மாதக் கட்டணம் தருகிறார்கள். மறுசுழற்சிக்கு விற்கும் காசும் எடுப்பவர்களுக்கே போவதால், அங்கே கலந்து கொட்டுபவருக்குத்தான் நஷ்டம்.

நம் பக்கத்துக்கே உரிய ஒன்றும் உண்டு: வளவில், அதாவது பெரிய வீட்டு முற்றத்தில், நடக்கும் கல்யாணம். காலைப் பலகாரத்திலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரை எத்தனை பந்தி! அத்தனை எச்சிலிலையோடு இப்போது குட்டித் தண்ணீர் பாட்டிலும், பிளாஸ்டிக் பூசிய தாள் இலையும் ஒன்றாகக் கலந்து தெருமுனைக்குப் போகின்றன. அங்கிருந்து மழைத் தண்ணீரோடு வரத்துக் கால்வாய்க்கு, அப்புறம் ஊருணிக்கு. கூரையில் விழுந்த மழையைக்கூட வீணாக்காமல் ஊருணியில் சேர்த்தவர்கள் கட்டிய ஊர் இது. அந்தக் கால்வாயைப் பாட்டில் அடைத்துக் கிடப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

மண்டபம் போல உரிமம் பெற்ற இடமாக இல்லாமல், வேறிடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டம் நடத்தினால் மூன்று வேலை நாள் முன்னதாகவே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும், குப்பையைப் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016 விதிகளே சொல்லின. உங்கள் வீட்டு அடுத்த விசேஷத்துக்கு சமையல்காரரிடம் பட்டியல் கொடுக்கும்போதே, எச்சிலிலைக்கு ஒரு தொட்டி, மற்றதற்கு ஒரு தொட்டி, குடிக்க எவர்சில்வர் டம்ளர் என்று சேர்த்துச் சொல்லுங்கள். வார்டு உறுப்பினரைப் பார்த்தால் உலை கேட்காதீர்கள். உரக்கூடம் எங்கே, அதற்கு நேற்று எத்தனை கிலோ போனது என்று கேளுங்கள்.