நம் பெயரைச் சொல்லித்தான் செய்கிறார்கள்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். எனக்கு வயது 24, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். அப்பாவிடமிருந்து வந்த பழக்கம், சின்ன வயதிலிருந்தே மான்செஸ்டர் யுனைடெட் காற்பந்துக் குழுதான். போன வாரம் கோப்பிக்கடையில் நண்பர்களோடு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது கிளப் முதலாளிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. டிக்கெட் விலையை ஏற்றுகிறார்கள், ரசிகர்களை மதிப்பதே இல்லை, எல்லாமே பிராண்டு, காசு என்று நான் கோபமாகப் பேசினேன். ஒரு நண்பன் குறுக்கிட்டு, "நீ அவர்கள் அரங்கான ஓல்ட் டிராஃபர்டுக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. டிக்கெட் விலை ஏறினால் உனக்கென்ன? வருஷா வருஷம் ஜெர்சி வாங்குகிறாய், டிவிக்குச் சந்தா கட்டுகிறாய். உன்னை மாதிரி ஆட்களுக்காகத்தான் அவர்கள் கிளப்பையே மாற்றுகிறார்கள்" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொல்வது சரியா? ஒருவர் காசு போட்டு வாங்கிய சொத்தில் மற்றவர்களுக்கு என்ன உரிமை? நான் ஜெர்சி வாங்குவதை நிறுத்திவிட வேண்டுமா?

க.
ஈசூன்

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர் சொன்னதை என்னால் தள்ளிவிட முடியாது. முதலாளிகள் நம்மைக் குறிவைத்துத்தான் வியாபாரம் செய்கிறார்கள். ஆனால் அதனால் நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர் முடிவு கட்டுகிறார் பாருங்கள், அங்கேதான் நான் ஒத்துப்போகவில்லை. நம் பெயரைச் சொல்லி அந்த ஊர்க்காரர்களிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினால், எங்களுக்கு அது வேண்டாம் என்று சொல்ல வேண்டிய முதல் ஆள் நாம்தான்.

கார்டிஃப் சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், அது நடந்தபோது நீங்கள் பள்ளிக்கூடப் பையனாக இருந்திருப்பீர்கள். வேல்ஸ் தலைநகரின் குழு, ஏறக்குறைய நூறு வருஷமாக நீலச் சட்டை, சின்னத்தில் நீலப்பறவை, ரசிகர்களும் தங்களை அந்தப் பறவையின் பெயரால்தான் அழைத்துக்கொள்வார்கள். 2012ல் அதன் முதலாளி, மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான், சட்டையைச் சிவப்பாக்கினார். சின்னத்தில் பெரிய டிராகன் வந்தது, பறவை கீழே சின்னதாக ஒதுங்கியது. வெளிநாட்டுச் சந்தையில், அதிலும் ஆசியாவில், சிவப்பு எடுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

ஆசியா என்றால் யார்? நீங்களும் நானும் உங்கள் கோப்பிக்கடை நண்பர்களும்தானே? நம்மை யார் கேட்டார்கள்? தேக்காவிலோ தெம்பனிசிலோ யாராவது ஒருவர், கார்டிஃப் சிவப்பில் ஆடினால்தான் பார்ப்பேன் என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒரு வெளியூர்க் குழு நமக்குப் பிடித்துப்போகிறது என்றால் அந்த ஊரின் பாட்டு, அந்த நிறம், மழையில் நனைந்துகொண்டு கத்துகிற கூட்டம், இதெல்லாம் பிடித்துத்தான். அதை மாற்றி நமக்கே விற்க வருகிறவர்களுக்கு நம்மைக் கொஞ்சமும் தெரியாது.

அங்கேயும் எல்லோரும் ஒன்றுசேர்ந்து எதிர்த்துவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். கிளப் கடனில் இருந்தது, இவர் கையை விரித்துவிட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். நிறம் போனால் போகட்டும், மேல் டிவிஷனான பிரிமியர் லீக் கிடைத்தால் போதும் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், 51 வருஷம் மேல் டிவிஷனைப் பார்க்காதவர்கள் வேறு என்ன சொல்வார்கள். 2013ல் கிடைத்தது. அடுத்த வருஷமே கீழே இறங்கினார்கள். 2015 ஜனவரியில் நீலம் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு ரசிகர் தாத்தா காலத்து நீலச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சிவப்புச் சட்டைக்குக் கைதட்ட வேண்டியிருந்தது. அந்த மனிதருக்கு நம் பெயரைச் சொல்லி அதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

ஹல் சிட்டியின் பெயரை ஹல் டைகர்ஸ் என்று மாற்றப் பார்த்தார் அதன் முதலாளி, இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் 2014ல் மறுத்துவிட்டது. லண்டனின் விம்பிள்டன் குழுவை 2003ல் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்சுக்குக் கொண்டுபோனார்கள். அனுமதி கிடைத்த 2002லேயே ரசிகர்கள் தாங்களே ஒரு குழுவை ஆரம்பித்து, லீக் வரிசையின் ஒன்பதாம் படியிலிருந்து ஏறி, 2020ல் தங்கள் பழைய பிளவ் லேன் பகுதிக்கே திரும்பிவிட்டார்கள்.

சரி, சொத்துக் கேள்விக்கு வருகிறேன். சட்டப்படி பங்கு வாங்கியவர்தான் முதலாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் கோயில் குடமுழுக்குக்குப் பெருந்தொகை கொடுத்தவர் அம்மன் பெயரை மாற்றச் சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா? கோயிலும் கிளப்பும் சட்டத்தின் முன் ஒன்றல்ல, தெரியும். இருந்தாலும் இரண்டையும் உண்டாக்கியது தலைமுறை தலைமுறையாக வந்து நின்ற ஜனங்கள், அவர்கள் வராவிட்டால் வாங்குவதற்கே அங்கே ஒன்றுமில்லை. 2016ல் லிவர்பூல் முதலாளிகள் டிக்கெட் விலையை 77 பவுண்டு வரை ஏற்றப்போவதாகச் சொன்னார்கள். சண்டர்லேண்டுக்கு எதிரான ஆட்டத்தில் 77வது நிமிஷத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வெளியே போனார்கள். அப்போது 2-0 என்று முன்னால் இருந்த லிவர்பூல் 2-2 என்று முடித்தது. சில நாளிலேயே முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு விலையைத் திரும்பப் பெற்றார்கள். ஜெர்மனியில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும். இங்கிலாந்தும் 2025ல் சட்டம் போட்டுவிட்டது. இனிச் சின்னத்தையோ சட்டை நிறத்தையோ மாற்றுவதென்றால் உள்நாட்டு ரசிகர்களில் பெரும்பான்மையானவர்களுக்குச் சம்மதம் என்று காட்ட வேண்டும். அந்தக் கணக்கில் நீங்களும் நானும் கிடையாது. அதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

உங்கள் யுனைடெட் விஷயம் நிறத்தைவிட மோசம். கிளேசர் குடும்பம் 2005ல் 790 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியபோது அதில் பெரும்பகுதி கடன், அந்தக் கடனை அதுவரை கடனே இல்லாத கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள். அதற்கு வட்டி கட்டியது யார், டிக்கெட் வாங்கியவர்களும் ஜெர்சி வாங்கியவர்களும்தான். 2011ல் நம் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையிலேயே பங்குகளை விற்கத் திட்டமிட்டார்கள், அப்புறம் மனம் மாறி 2012ல் நியூயார்க்குக்குப் போனார்கள். 2024 கடைசியில், பருவத்தின் நடுவில், மிச்சமிருந்த டிக்கெட்டுகளை 66 பவுண்டு ஆக்கி, சிறுவர் முதியோர் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். நம் காசில் நூறு வெள்ளிக்கு மேல். இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போகிற ஒரு அப்பா என்ன செய்வார்? உங்கள் அப்பா உங்களுக்கு இந்தக் குழுவைக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, மான்செஸ்டரில் ஒரு அப்பா தன் பிள்ளைக்கு அதைக் கொடுக்க முடியாமல் போகிறது. இதில் உங்களுக்குக் கோபம் வராவிட்டால்தான் தப்பு.

நம் வசதியும் அவர்கள் கஷ்டமும் மோதுகிற இடங்கள் உண்டு, அதை நண்பர் நன்றாகவே பிடித்திருக்கிறார். சனிக்கிழமை பகல் 12.30க்கு அங்கே ஆரம்பிக்கும் ஆட்டம் நமக்கு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வருகிறது, நல்லதுதான். நியூகாசலிலிருந்து லண்டனுக்கு ஆட்டம் பார்க்கப் போகிறவர் அதற்காக விடியும் முன்பே கிளம்ப வேண்டும். 2021 மே 2 ஞாபகம் இருக்கிறதா? பெரிய கிளப்புகள் மட்டும் பிரிந்துபோய் ஆடும் சூப்பர் லீக் திட்டத்தால் கொதித்துப்போன ரசிகர்கள் ஓல்ட் டிராஃபர்டுக்குள் புகுந்து, லிவர்பூலுடனான ஆட்டமே தள்ளிப்போனது. இங்கே இரவு பதினொன்றரைக்கு டிவி முன்னால் காத்திருந்து ஏமாந்தவர்கள் எவ்வளவோ பேர். எனக்குத் தெரிந்த சிலர் அந்த ரசிகர்களைத் திட்டினார்கள். எனக்கு அன்று ஆட்டம் நடக்காததே சரி என்றுதான் இருந்தது.

இந்த விஷயத்தில் சிங்கப்பூரர்களான நமக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஸ்பெயினின் வலென்சியா கிளப்பை 2014ல் வாங்கிய பீட்டர் லிம் நம் ஊர்க்காரர். அவரை அந்த ஊர் முதலில் கொண்டாடித்தான் வரவேற்றது. கிளப்பின் நூற்றாண்டான 2019ல் பார்சலோனாவை வென்று ஸ்பெயின் மன்னர் கோப்பையும் வாங்கினார்கள், சில மாதத்திலேயே அந்தப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். அதன்பின் வருஷக்கணக்காக மெஸ்டாயா அரங்குக்கு வெளியே 'லிம், வீட்டுக்குப் போ' என்று ஆர்ப்பாட்டம். 2024ல் அங்கிருந்து இங்கே வந்த ஒரு தம்பதி அதே வாசகத்தோடு படம் எடுத்துப் போட, காவல்துறை விசாரித்தது. நம் நாட்டு விதிகள் அவர்களுக்கும்தான், அதில் விவாதமில்லை. ஆனால் ஒரு சிங்கப்பூரரை வெள்ளைக்காரர்கள் அவமானப்படுத்துகிறார்கள் என்று சிலர் கொதித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. மான்செஸ்டர்க்காரர்கள் கிளேசரைத் திட்டினால் கூடச் சேர்ந்துகொள்கிறோம், வலென்சியாக்காரர்கள் நம் ஊர் முதலாளியைத் திட்டினால் நாட்டுப்பற்று வந்துவிடுகிறது. இரண்டு ஊர் ரசிகர்களும் கேட்பது ஒன்றையேதான்.

நம் லீக்கையும் பாருங்கள். காவல்துறைக் குழுவாகத் தொடங்கி ஹோம் யுனைடெட்டாக ஆடிவந்த குழு 2020ல் தனியார் நிறுவனத்துக்குப் போய் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆனது. பெயர், நிறம், சின்னம் எல்லாம் போயின. கார்டிஃபில் நடந்ததைவிடப் பெரிய மாற்றம், ஆனால் எதிர்க்கும் அளவுக்கு அரங்கில் ஆளில்லை. பணம் வந்து குழு வளர்ந்தது, 2025ல் பீஷானில் ஆசிய இறுதியாட்டம் வரை போனார்கள், நானும் மகிழ்ந்தேன். ஒரு காலத்தில் மலேசியக் கிண்ணத்துக்காகக் காலாங்கில் ஐம்பதாயிரம் பேர் நின்ற ஊர் இது. அந்தக் கூட்டம் இன்றும் வந்துகொண்டிருந்தால், பெயரை மாற்றும் முன் யாராவது அவர்களைக் கேட்டிருப்பார்கள்.

ஜெர்சி வாங்குவதா வேண்டாமா என்றால், நீங்களாக முடிவெடுக்காதீர்கள் என்பேன். அங்கே டிக்கெட் வாங்கி நிற்கிற ரசிகர் சங்கங்கள் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். 2010ல் யுனைடெட் ரசிகர்கள், கிளேசர் குடும்பத்துக்கு எதிர்ப்பாக, கிளப்பின் முதல் பெயரான நியூட்டன் ஹீத்தின் பச்சை மஞ்சள் நிறத்தில் சால்வை கட்டி வந்தார்கள், கிளப் கடையில் வாங்கியது இல்லை அது. மிலானுக்காக ஆட வந்த முன்னாள் யுனைடெட் வீரர் பெக்காமே ஆட்டம் முடிந்ததும் ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அவர்கள் வாங்காதே என்று சொல்லும் வருஷம் வாங்காதீர்கள். மற்ற வருஷங்களில் பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். கூடவே, ஈசூனிலிருந்து ஜாலான் புசார் அரங்கு ரயிலில் போகிற தூரம்தான், நம் ஊர் ஆட்டம் பார்க்க நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள். அவர் மறுத்து எழுதினால் அதையும் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்