ஐந்து வருடம் சாப்பிடாத ஆசாமி

கேள்வி: ஜப்பானில் ஒரு அக்வேரியத்தில் ஐந்து வருடம் எதுவுமே சாப்பிடாமல் ஒரு கடல் பூச்சி உயிரோடு இருந்ததாமே, நிஜமா, கட்டுக்கதையா?

பதில்: நிஜம்தான். ஆனால் அது பூச்சி இல்லை, இறால், நண்டுக்குச் சொந்தம். ராட்சத ஐசோபாட் என்பார்கள். ஈரச் செங்கல்லைப் புரட்டினால் சாம்பல் நிறத்தில் ஒன்று உருண்டையாகச் சுருண்டுகொள்ளுமே, அந்த வம்சம். இவர் மட்டும் ஏறக்குறைய ஒரு அடி நீளம், ஒரு கிலோ எடை, 14 கால். டோபா அக்வேரியத்தின் 'நம்பர் 1' மெக்சிகோ வளைகுடாவில் பிடிபட்டு 2007-ல் அங்கே போனவர். 2009 ஜனவரி 2-ம் தேதி 50 கிராம் மீன் ஒன்றைத் தின்றார், அதோடு சரி. எத்தனையோ முறை மீனைக் கொண்டுபோய் முன்னால் வைத்தும், 2014 பிப்ரவரி 14-ல் சாகும்வரை தின்னவே இல்லை. பட்டினியால் செத்தது என்று எழுதினார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஏனென்றால் உடம்பு மெலியவே இல்லை, அறுத்துப் பார்த்தால் வயிற்றில் ஏதோ திரவமும் ஈஸ்ட் மாதிரி ஒரு பூஞ்சையும் இருந்தன.

ஆழ்கடலில் மேலிருந்து எப்போதாவது விழும் பிணம்தான் விருந்து. கிடைத்தால் மூக்குமுட்டத் தின்பது, கிடைக்காவிட்டால் அசையாமல் கிடப்பது, இதுதான் அதன் பிழைப்பு. 2019-ல் அமெரிக்காவின் லூசியானா விஞ்ஞானிகள் செத்த முதலைகளை எடை கட்டி மெக்சிகோ வளைகுடாவில் சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில் இறக்கினார்கள். அவ்வளவு கெட்டித் தோலைக் கிழிக்க நாளாகும் என்றுதான் எதிர்பார்த்தார்கள், ஆனால் ஒரே நாளில் ஐசோபாட்கள் மொய்த்து, தோலைத் துளைத்து உள்ளே புகுந்து, உள்ளிருந்தே தின்றுகொண்டிருந்தன! (இன்னொரு முதலையை ஏதோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. சுறாவாக இருக்கலாம் என்கிறார்கள்.)

கேள்வி: சரி, அதை நாம் சாப்பிடலாமா?

பதில்: வியட்நாமில் சாப்பிடுகிறார்கள். சிங்கி இறால் மாதிரி ருசி என்று கேள்வி. அங்கே மீனவர்களிடம் வாங்கியவற்றை ஆராய்ந்ததில்தான் ஒரு புது இனமே கிடைத்தது, 2025-ல் பெயர் வைத்தார்கள். தலை 'ஸ்டார் வார்ஸ்' பட வில்லன் டார்த் வேடரின் ஹெல்மெட் மாதிரி இருந்ததால் பெயரும் 'வேடரி'. இதன் உறவுக்காரர்கள் வங்கக்கடல் ஆழத்திலும் உண்டு, ஆனால் நம்மூர் மீன் மார்க்கெட்டில் தேடிப் பயனில்லை.