டிசைனர் போனா சாப்ட்வேர் ஏன் கெட்டுப்போகுது?

கேள்வி: வண்ணார்பேட்டைல ஒரு சின்ன கம்பெனில டெவலப்பரா இருக்கேன், கடைகளுக்கு பில்லிங் சாப்ட்வேர் பண்ணிக் குடுக்கோம். எங்க லீட் டிசைனர் அண்ணாச்சி பெங்களூருக்கு வேலை மாறிப் போயிட்டாக. ஸ்கிரீன் எல்லாம் ரெடியாத்தான இருக்கு, நீங்களே பாத்துக்கோங்கன்னு முதலாளி வேற ஆள் போடல. இப்போ கடைக்காரங்க முன்ன மாதிரி இல்லன்னு போன் மேல போன் போடுதாங்க, ஆனா சாப்ட்வேர்ல ஒரு பக்கும் (கோளாறும்) இல்ல. என்ன காரணம்?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பக் இல்லாததாலதான் தம்பி உங்களுக்கு இது பிடிபடல. டிசைனர் போன அன்னைக்கே எதுவும் உடையாது, அவுக வரைஞ்ச ஃபைல், கலர், ஐகான் எல்லாம் அப்படியேதான் இருக்கும், ஆனா அந்த பட்டனை ஏன் அங்க வச்சாக, இன்னொண்ணை ஏன் வைக்கவே இல்லங்கற காரணம் அவுக கூடவே போயிரும். அதவிட முக்கியம், 'இது வேண்டாம்'னு சொல்லுத ஆள் இல்லாம போச்சு. ஒரு கடைக்காரர் தள்ளுபடிக்கு பட்டன் கேப்பாரு, இன்னொருத்தர் வாட்ஸ்அப்ல பில் அனுப்பணும்பாரு, நீங்களும் நல்ல மனசோட எடம் இருக்க பக்கம் சொருகிருவீங்க, தனித்தனியா பாத்தா எல்லாமே நியாயம்தான். ஆனா பில் போடுத பிள்ளை ஸ்கிரீனையே பாக்காது, ஸ்கேன் பண்ணும், எண்டர் தட்டும், விரல் தானா போகும். சாயங்காலம் ஆளுக நெருக்கிட்டு நிக்கும்போது நடுவுல 'நிச்சயமா சேமிக்கவா?'ன்னு ஒரு பெட்டி வந்து நின்னா வரிசையே நின்னுரும். அதை எப்படி சொல்லன்னு தெரியாமதான் 'முன்ன மாதிரி இல்ல'ங்காங்க.

ஆப்பிள்லயே இது நடந்திருக்கு. 2012-ல ஐபோன் சாப்ட்வேரைப் பாத்துக்கிட்ட ஸ்காட் ஃபோர்ஸ்டாலை அனுப்பிட்டு அதோட டிசைன் பொறுப்பை ஜோனி ஐவ்கிட்ட குடுத்தாங்க, போனோட வெளி உருவத்தை செதுக்குததுல பெரிய கை அவரு. அடுத்த வருஷம் ஐபோன் சாப்ட்வேரோட புது பதிப்பு ஐஓஎஸ் 7 வந்தப்போ பட்டனோட கரையெல்லாம் போயி மெலிசான எழுத்து மட்டும் நின்னுச்சு, எதைத் தொடணும்னு நெறைய பேருக்குப் புரியல. 2014-ல 7.1-ல பட்டனுக்கு வடிவம் காட்டுத செட்டிங் ஒண்ணை சேக்க வேண்டியதாப் போச்சு.

உங்க அண்ணாச்சி ஏன் போனாகன்னும் முதலாளி யோசிக்கணும். கூகுள்ல டிசைனரா இருந்த டக்ளஸ் பௌமன் 2009-ல வெளிய வரும்போது, ஒரு கோட்டோட அகலம் 3 பிக்சலா (ஸ்கிரீன்ல உள்ள சின்னப் புள்ளி) 4 பிக்சலா 5 பிக்சலாங்கறதுக்குக்கூட நிரூபணம் கேட்டாங்கன்னு வருத்தப்பட்டு எழுதுனாரு. பேச்சுக்கு மதிப்பில்லாத எடத்துல நல்ல டிசைனர் நிக்க மாட்டாக.

இப்போதைக்கு, கூட்டம் இருக்க நேரமா ஒரு கடைல போயி பில் போடுதவங்க பக்கத்துல உக்காருங்க, ஒண்ணும் கேக்காதீங்க, கை எங்க தடுமாறுதுன்னு மட்டும் பாருங்க. உங்க டீம்ல ஒருத்தருக்கு 'வேண்டாம்'னு சொல்லுத அதிகாரத்தை முதலாளியே வாயால குடுக்கணும், இல்லன்னா யாரும் மதிக்க மாட்டாங்க. அந்த அண்ணாச்சிக்கும் போன் போடுங்க, ஒவ்வொரு ஸ்கிரீனா காட்டி ஏன் இப்படி வச்சியன்னு கேட்டு எழுதி வச்சிருங்க, அவுக நேரத்துக்கு உண்டான காசை கம்பெனி குடுக்கட்டும்.