பேங்க் வீட்டை எடுக்க வந்தால்: கேள்வி பதில்

கடன் வசூல் தீர்ப்பாயத்தில் (டிஆர்டி) கடன் வாங்கியவர்கள் பக்கம் வழக்கு நடத்துகிறவன் நான். வீட்டுக் கடன், சர்ஃபேசி சட்டம் (அடமானம் வைத்த சொத்தை சிவில் கோர்ட்டுக்குப் போகாமலே பேங்க் எடுத்து விற்க வழி தரும் சட்டம்; கீழே வரும் பிரிவு எண்கள் இதனுடையவை), இவை பற்றி மட்டும் கேளுங்கள்.

மூணு இஎம்ஐ கட்டலை. நாளைக்கே வந்து பூட்டிடுவாங்களா?

மாட்டார்கள். 90 நாள் பாக்கி நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகும். பிறகு 13(2) பிரிவில் நோட்டீஸ் வரும். அதில் 60 நாள் கெடு இருக்கும். தொகை தவறு, கட்டிய பணம் வரவு வைக்கப்படவில்லை என்று ஆட்சேபம் இருந்தால் இந்தக் கெடுவுக்குள் எழுதிக் கொடுங்கள். பேங்க் 15 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

கெடு முடிந்ததும் சுவாதீன நோட்டீஸ், அதாவது வீட்டை பேங்க் எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் அறிவிப்பு. கேட்டில் பசை தடவி ஒட்டி, போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். இரண்டு பத்திரிகையிலும் வரும், ஒன்று உள்ளூர் மொழியில். தெருவே பார்க்கும், மானம் போன மாதிரி இருக்கும். ஆனால் அது காகித சுவாதீனம்தான், நீங்கள் உள்ளேதான் இருக்கிறீர்கள். ஆளை வெளியேற்ற, பெரும்பாலும் 14வது பிரிவில் கலெக்டரிடமோ மாஜிஸ்திரேட்டிடமோ உத்தரவு வாங்கிக்கொண்டு போலீசோடு வருவார்கள்.

ஒன்று மட்டும்: வருகிற எந்தக் கவரையும் வாங்குங்கள், வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள்.

ரிஜிஸ்டர் தபாலைத் திருப்பி அனுப்பிட்டா நோட்டீஸ் செல்லாதுதானே?

செல்லும். வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். நாள் ஓடும், என்ன எழுதியிருந்தது என்பது உங்களுக்கு மட்டும் தெரியாது.

சிவில் கோர்ட்டில் ஸ்டே வாங்கலாமா?

34வது பிரிவு அந்தக் கதவை அடைத்துவிட்டது. போக வேண்டிய இடம் டிஆர்டி. பேங்க் நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள்.

என் மச்சான் ஊரில் சிவில் கோர்ட்டிலேயே ஸ்டே வாங்கினாராமே?

மச்சானின் வக்கீலைக் கேளுங்கள்.

ஏல நோட்டீஸ் பேப்பரில் வந்துவிட்டது. ஏலத்தன்று முழுப் பணமும் கட்டினால் வீடு கிடைக்குமா?

நிறையப் பேர் கவிழ்கிற இடம் இது. முன்பு விற்பனை நாள் வரை நேரம் இருந்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு 13(8) பிரிவில் ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் மீட்கும் உரிமை. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இனி பேங்க் மனம் வைத்தால் உண்டு, உரிமையாகக் கேட்க முடியாது. அறிவிப்பில் முறைகேடு இருந்தால் டிஆர்டியில் சொல்லலாம். அதற்கும் இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள். மேனேஜர் வாயால் சொன்ன சமரசத்தை நம்பி உட்காராதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

நான் போகியத்துக்குக் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் கடன் கட்டாததால் எங்களைக் காலி செய்யச் சொல்கிறார்கள். என் பணம்?

17(4ஏ) பிரிவில் குடியிருப்பவரும் டிஆர்டிக்குப் போகலாம். அங்கே பார்ப்பது: உங்கள் ஒப்பந்தம் அடமானத்துக்கு முன்னா பின்னா? அடமான நிபந்தனைக்கு முரணா? 13(2) நோட்டீசுக்குப் பிறகு போட்டதா? பதிவு செய்யாத ஒப்பந்தம் என்றால் பிடி மிகவும் தளர்வு. போகியப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியது வீட்டுக்காரர், பேங்க் அல்ல.

(வேறொரு வீட்டுக்காரர்) நானும் கடன் கட்டத்தான் போகியம் வாங்கினேன். குடி வருகிறவர் விசாரித்து வர வேண்டாமா? எல்லாப் பழியும் வீட்டுக்காரன் மேலேயா?

(போகியக்காரர்) எங்கள் வீட்டுக்காரர் வீட்டு வரி ரசீது காட்டினார், சார். கடன் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

(அந்த வேறொரு வீட்டுக்காரர்) சொன்னால் யார் குடி வருவார்?

ஐயா, பிரச்சினையே அதுதான். பேங்கின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் குடிவைக்கக் கூடாது என்று அடமானப் பத்திரங்களில் வழக்கமாகவே இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டதில் தேடிப் பாருங்கள். மறைத்துப் பணம் வாங்கினால் மோசடிப் புகாரும் வரலாம். கஷ்டம் உங்களுடையது, சேமிப்பு அவருடையது. அவர் பக்கம்தான் நான்.

அதற்காகக் குடி போகிறவர்கள் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று போடுங்கள். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். ஜெராக்ஸ் மட்டும் நீட்டினால் அசல் எங்கே என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வரி ரசீதில் கடன் தெரியாது.

இதற்கு மேல் நீங்கள் இருவரும் இங்கே சண்டை போட வேண்டாம்.

வசூல் ஆட்கள் ராத்திரி பத்து மணிக்கு வருகிறார்கள்.

காலை 8 முதல் மாலை 7 வரைதான் தொடர்புகொள்ளலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. நேரத்தோடு குறித்து முதலில் பேங்கிலேயே புகார் கொடுங்கள், 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பு அதிகாரி) போங்கள்.

நோட்டீஸ் வந்திருக்கு, வாங்கலாமா வேண்டாமா?

முன்பே சொல்லிவிட்டேன், மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

சிபில் ஸ்கோர் எப்படி ஏற்றுவது?

என் துறை இல்லை.

விவசாய நிலத்தையும் இதில் எடுப்பார்களா?

சர்ஃபேசியில் முடியாது. ஆனால் உண்மையிலேயே பயிர் செய்கிற நிலமா என்று பார்ப்பார்கள்.

ஏலத்தில் போனால் மிச்சப் பணம் யாருக்கு?

கடன், வட்டி, செலவு கழித்து மிஞ்சினால் உங்களுக்கு; கணக்கை எழுதிக் கேட்டு வாங்குங்கள். குறைந்தால் பாக்கிக்கு உங்களையும் தேடுவார்கள், ஜாமீன் போட்டவரையும் தேடுவார்கள்.